தங்கம் கறுக்குமா?

பெங்களூரின் வடமேற்கே தும்கூர் சாலையில் பீன்யா இருக்கிறது. 1970-களில் இங்கே தொழிற்பேட்டை வந்தது. இன்று ஆயிரக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் இருக்கின்றன. லேத் பட்டறைகள் உண்டு. முலாம் பூசும் பட்டறைகள் உண்டு. ஆயத்த ஆடை ஆலைகள் உண்டு. காலையில் தையல் ஆலைகளுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவதைப் பார்க்கலாம்.

அவர்களில் தமிழ்ப் பெண்களும் பலர். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்திருக்கின்றன. கோலார் தங்கவயலிலிருந்தும் வருகிறார்கள். தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

இந்தக் குடும்பங்களில் பலருக்கு வங்கியில் பெரிய தொகை இருக்காது. கழுத்தில் இருப்பதுதான் சேமிப்பு. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றால் சங்கிலி அடகுக்குப் போகும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் அதுதான் போகும். பிறகு வட்டி கட்டி மீட்டு வருவார்கள். அப்படிப்பட்ட சங்கிலி மங்கிப்போனால் மனம் கலங்காதா? "இது நல்ல பவுன்தானா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?" என்று சந்தேகம் வரும்.

பெரும்பாலும் அந்தச் சந்தேகம் தேவை இல்லை.

மங்குவது எதனால்?

தங்கம் துருப்பிடிக்காது. காற்றும் நீரும் அதை ஒன்றும் செய்யாது. கடலில் மூழ்கிய கப்பலில் இருந்து நூறு ஆண்டுகள் கழித்துத் தங்கக் காசுகளை எடுத்திருக்கிறார்கள். அவை அப்போதும் மஞ்சளாகவே இருந்தன.

ஆனால் நாம் போடும் நகை முழுவதும் தங்கம் இல்லை. சுத்தத் தங்கம் மிகவும் மென்மையானது. அதில் சங்கிலி செய்தால் சீக்கிரம் நெளியும், அறுந்தும் போகும். அதனால் செம்பும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். 22 காரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மீதி 8.4 பங்கு செம்பு, வெள்ளி போன்றவை. 8 கிராம் எடையுள்ள ஒரு பவுன் நகையில் ஏறக்குறைய 7 கிராம் 330 மில்லி தங்கம் இருக்கும்.

பித்தளைக் குத்துவிளக்கு கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக் கொலுசும் கறுக்கும். நகையில் இருக்கும் அந்தக் கொஞ்சம் செம்பும் வெள்ளியும் வியர்வை பட்டு அதேபோல் லேசாக நிறம் மாறும். ஆனால் இது சிறிய காரணம்தான்.

பெரிய காரணம் அழுக்கு. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், முகப் பவுடர், குங்குமம், தாலியில் பூசும் மஞ்சள், குளிக்கும்போது தங்கும் சோப்பு, இவை எல்லாம் கண்ணிகளுக்கு நடுவே போய் அடைகின்றன. தையல் ஆலையில் பறக்கும் பஞ்சுத் தூசி அதன்மேல் ஒட்டும். லேத் பட்டறையில் எண்ணெய்ப் புகை ஒட்டும். கடைசியில் சங்கிலி பழுப்பாகத் தெரியும். பழுப்பாக இருப்பது தங்கம் இல்லை. தங்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் அழுக்கு.

அழுக்கைப் போக்கினால் போதும். தங்கத்தைத் தொடவே வேண்டாம்.

வீட்டிலேயே கழுவலாம்

இதற்குச் செலவு கிடையாது. ஒரு கிண்ணம், வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு அல்லது ஷாம்பு இருந்தால் போதும். பூந்திக்கொட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று கொட்டையைத் தட்டி, விதையை நீக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். நகை வேலை செய்யும் பத்தர்கள் காலம் காலமாக இந்த நுரையில்தான் நகையைக் கழுவுகிறார்கள்.

நகையைக் கால் மணி நேரம் நுரைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பிறகு மிக மென்மையான பல் பிரஷால் லேசாகத் துலக்குங்கள். குழந்தைகளின் பிரஷ் என்றால் நல்லது. கண்ணியின் உட்பக்கமும், பதக்கத்தின் பின்பக்கமும்தான் அழுக்கு அதிகம் சேரும் இடங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிடுங்கள். ஈரத்தோடு பெட்டியில் வைக்க வேண்டாம்.

ஒன்று முக்கியம். குழாயடியில் வைத்துக் கழுவாதீர்கள். தொட்டியில் ஓட்டை உண்டு. திருகாணி ஒன்று நழுவினால் சாக்கடைக்குள் போய்விடும். கழுவிய தண்ணீரைக் கொட்டும்போதும் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். சிறிய கல்லோ வளையமோ விழுந்திருந்தால் துணியில் தங்கும்.

சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது. பாத்திரம் விளக்கும் பொடியும் ஆகாது. பற்பசை நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதிலும் நுண்ணிய தேய்ப்புப் பொடி இருக்கிறது. தங்கம் மென்மையானது என்று பார்த்தோம் அல்லவா? இந்தப் பொடிகள் அதன்மேல் கீறல் போடும். கீறல் விழுந்த நகை முன்னைவிட மங்கலாகத் தெரியும்.

கல் வைத்த நகைக்கு வேறு வழி. முத்து, பவளம், மரகதம் பதித்த நகையை ஊறவைக்கக் கூடாது. பின்பக்கம் மூடிய கல் நகைக்குள் தண்ணீர் புகுந்தால் கல் மங்கிவிடும். உள்ளே அரக்கு அடைத்த நகையைச் சூடான தண்ணீரில் போட்டால் அரக்கு இளகும். இவற்றை ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

தாலிக்கொடியில் மஞ்சள் பூசுகிறவர்கள் பலர். பூசலாம், தங்கத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பழைய மஞ்சள்மேல் புது மஞ்சள் ஏறி ஏறிக் கெட்டியாகிவிடும். மாதம் ஒரு முறை கழுவிவிட்டுப் பூசினால் நல்லது. பக்கத்து வீட்டுக் கன்னடப் பெண்கள் கரிமணிச் சரடு போடுவார்கள். அதில் கறுப்பு மணியைக் கோத்திருக்கும் நூல் அல்லது கம்பிதான் முதலில் தேயும். கழுவும்போது அதையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

கவரிங் நகைக்கு இந்த முறை எதுவும் வேண்டாம். அதன் உள்ளே செம்பு அல்லது பித்தளை. மேலே இருக்கும் தங்க முலாம் தலைமுடியைவிட மிக மெல்லியது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் செம்பு தெரிய ஆரம்பிக்கும். வியர்வையைத் துடைத்து வைப்பது ஒன்றே அதற்குப் பராமரிப்பு.

வேலை இடத்தில் நகை

ஓடும் இயந்திரத்தின் அருகே மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி எதுவும் ஆகாது. நகை மாட்டினால் நகையோடு நிற்காது. விரலும் போகலாம். இதில் நகையைக் காப்பாற்றுவது இரண்டாவது விஷயம்தான்.

பிளீச்சிங் பவுடர் கையாளும்போதும் கழற்றிவிடுங்கள். அதிலிருந்து வரும் குளோரின், நகையில் உள்ள கலப்பு உலோகத்தை அரிக்கும். பற்றவைத்த இடங்கள் பலவீனமாகும். பாதரசம் இன்னும் மோசம். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் கருவி உடைந்து, ஒரு துளி பாதரசம் மோதிரத்தில் பட்டால் போதும். அந்த இடம் வெள்ளையாகிவிடும். பாதரசம் தங்கத்துக்குள் ஊறிப்போகும். அதை அடுப்பில் காட்டிப் போக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதரசப் புகை நஞ்சு.

வாசலில் வரும் பாலிஷ்காரர்

பகல் பதினோரு மணி. ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். முதல் ஷிப்டுக்குப் போன பெண்களும் திரும்பியிருக்க மாட்டார்கள். வீட்டில் வயதான அம்மாவோ, கைக்குழந்தையோடு ஒரு பெண்ணோ இருப்பார். அப்போது இரண்டு பேர் வருவார்கள். சுத்தமான சட்டை, கையில் பை, சில சமயம் கழுத்தில் அடையாள அட்டை. கன்னடத்திலும் பேசுவார்கள், இந்தியிலும் பேசுவார்கள். தமிழ் வீடு என்று தெரிந்தால் உடைந்த தமிழும் வரும்.

"அம்மா, கம்பெனியிலிருந்து வர்றோம். புதுப் பவுடர். காசு வேண்டாம். ஒரு பித்தளைச் சொம்பு குடுங்க."

சொம்பு பளபளவென்று ஆகிவிடும். அது உண்மைதான். அதில் ஏமாற்று இல்லை. அடுத்து கால் கொலுசு. அதுவும் வெள்ளை வெளேர் என்று ஆகும். இப்போது நம்பிக்கை வந்துவிடும். அதற்குத்தான் சொம்பும் கொலுசும்.

"அம்மா, செயின் ரொம்ப அழுக்கா இருக்கே. அஞ்சு நிமிஷம்தான்."

சங்கிலியை ஒரு டப்பாவில் உள்ள திரவத்தில் போடுவார்கள். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பார்கள். "குடிக்கத் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டு உள்ளே அனுப்புவதும் உண்டு. பிறகு சங்கிலியை எடுத்து, மஞ்சள் தூள் தடவி, பொட்டலமாக மடித்துக் கொடுப்பார்கள். "அரை மணி நேரம் கழிச்சுத் திறந்து பாருங்க. இப்பத் திறந்தா நிறம் போயிடும்" என்பார்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள்.

சில சமயம் பொட்டலத்தில் சங்கிலியே இருக்காது. பெரும்பாலும் இருக்கும். பார்க்கவும் பளபளப்பாகவே இருக்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. மாதங்கள் கழித்து அடகு வைக்கப் போகும்போதுதான் தெரியும். 16 கிராம் இருந்த சங்கிலி 13 கிராம் காட்டும். "தேய்ஞ்சிருக்கும்மா" என்று கடைக்காரர் சொல்வார். 2025-ல் 22 காரட் தங்கம் ஒரு கிராம் 10,000 ரூபாயைத் தாண்டியது. 3 கிராம் என்றால் 30,000 ரூபாய்க்கு மேல். ஒரு தையல் தொழிலாளிக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அந்த 3 கிராம் எங்கே போனது? டப்பாவில் இருந்த திரவத்துக்குள் போனது.

ராஜ திராவகம்

தங்கம் எந்த ஆசிட்டிலும் கரையாது என்று பலர் நினைக்கிறார்கள். நைட்ரிக் அமிலத்தில் மட்டும் போட்டால் கரையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மட்டும் போட்டாலும் கரையாது. ஆனால் இரண்டையும் கலந்தால் கரையும். ஒன்று தங்கத்தை இளக்கிக்கொடுக்க, மற்றது பிடித்துக்கொள்ளும். உலோகங்களின் ராஜாவான தங்கத்தையே கரைப்பதால் இந்தக் கலவைக்கு ராஜ திராவகம் என்று பெயர்.

கரைந்த தங்கம் அழிந்துபோவதில்லை. அது திரவத்திலேயே இருக்கும். வேறு ஒரு பொருளைச் சேர்த்தால் பழுப்புத் தூளாக அடியில் படியும். அதை உருக்கினால் மறுபடியும் தங்கம். இதற்கு உலகம் அறிந்த ஒரு கதை உண்டு.

டென்மார்க் நாட்டின் தலைநகர் கோபன்ஹேகன். அங்கே நீல்ஸ் போர் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் இருந்தது. மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் தங்கள் நோபல் பரிசுப் பதக்கங்களை அங்கே பத்திரமாக வைத்திருந்தார்கள். அவை தங்கப் பதக்கங்கள். அப்போது ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி. நாட்டைவிட்டுத் தங்கத்தை வெளியே அனுப்புவது கடும் குற்றம். பதக்கங்களில் அவர்களின் பெயர் வேறு பொறித்திருந்தது.

1940 ஏப்ரலில் ஜெர்மன் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஹெவெஷி என்பவர் என்ன செய்தார் தெரியுமா? தெருவில் படை நடந்துகொண்டிருக்க, உள்ளே இரண்டு பதக்கங்களையும் ராஜ திராவகத்தில் போட்டுக் கரைத்துவிட்டார். சாடியை மற்றச் சாடிகளோடு அலமாரியில் வைத்தார். சோதனை போட வந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. போர் முடிந்த பிறகு பார்த்தால் சாடி அப்படியே இருந்தது. அதிலிருந்து தங்கத்தைப் பிரித்து எடுத்தார்கள். அந்தத் தங்கத்தில் பதக்கங்களைப் புதிதாக வார்த்தார்கள். ஃபிராங்குக்கு 1952-ல் அவருடைய பதக்கம் திரும்பக் கிடைத்தது.

ஹெவெஷி ஒரு நல்ல காரியத்துக்குச் செய்ததை, பாலிஷ்காரர் திருட்டுக்குச் செய்கிறார். டப்பாவை எடுத்துக்கொண்டு போய், மெதுவாகத் தங்கத்தைப் பிரித்துக்கொள்வார். சங்கிலி பளபளப்பது பாலிஷால் அல்ல. அழுக்கு ஒட்டியிருந்த மேல்தோலே உரிந்துபோனதால்தான். இப்படிப்பட்ட நகையில் பூ வேலைப்பாடு மழுங்கியிருக்கும். கண்ணிகள் மெலிந்திருக்கும்.

ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். திரவத்தையோ டப்பாவையோ அவர்கள் விட்டுப் போயிருந்தால் கீழே கொட்டாதீர்கள். அதில்தான் உங்கள் தங்கம் இருக்கிறது. கையால் தொடவும் வேண்டாம், அது தோலை எரிக்கும். உடனே 112-க்குப் போன் செய்யுங்கள். பிறகு நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். மோசடி செய்து பொருளை வாங்கிக்கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 318-ஆம் பிரிவில் குற்றம். போலீசார் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

பத்தரிடம் கொடுக்கும்போது

சில வேலைகள் வீட்டில் ஆகாது. கொக்கி தளர்ந்திருக்கும். கண்ணி தேய்ந்திருக்கும். அப்போது பத்தரிடம் போகத்தான் வேண்டும். கொடுக்கும் முன் எடை போடச் சொல்லுங்கள். அதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போதும் எடை போடச் சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பதில் தவறு இல்லை. நல்ல பத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பட்டறையில் மெருகு போட்டால் கொஞ்சம் தங்கம் தேயத்தான் செய்யும். நகைப் பட்டறைகளில் தரைத் தூசியைக்கூடப் பெருக்கிச் சேர்த்து வைப்பார்கள். அந்தத் தூசியிலும் தங்கம் உண்டு, அதை வாங்க ஆளும் உண்டு. ஆகவே பண்டிகைக்குப் பண்டிகை மெருகு போட வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீர் போதாதபோது போட்டால் போதும்.

எடையும் முத்திரையும்

நகையின் எடை வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? "மூணு பவுன்" என்று சொல்வார்கள். சரியான கிராம் தெரியாது. பாலிஷ்காரருக்கு வசதியாக இருப்பது அதுதான். ஒரு தாளில் நகையின் பெயர், எடை, வாங்கிய ஆண்டு எழுதி ரசீதோடு வையுங்கள். அடகு வைத்தால் சீட்டில் மொத்த எடையும் கல் நீக்கிய எடையும் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்கும்போது ஒப்பிடலாம்.

புது நகையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். ஒன்று, முக்கோண வடிவில் தர முத்திரை. இரண்டு, தூய்மை அளவு. 22 காரட் என்றால் 916 என்ற எண் இருக்கும். மூன்று, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. ஒவ்வொரு நகைக்கும் தனிக் குறியீடு. வண்டிக்கு நம்பர் மாதிரி. "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியில் அந்தக் குறியீட்டைப் போட்டால், அது என்ன நகை, எத்தனை காரட் என்று செல்பேசியிலேயே தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இதைச் செய்து காட்டுவார்கள்.

இந்த முத்திரையைத் தருவது இந்திய தர நிர்ணய அமைவனம். அதன் பெங்களூர்க் கிளை அலுவலகம் பீன்யாவிலேயே, தொழிற்பேட்டையின் முதல் கட்டத்தில், தும்கூர் சாலையில் இருக்கிறது. 2021 ஜூன் 16-ல் இந்த முத்திரை 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல், முத்திரை கட்டாயமான நகைகளை ஆறு இடக் குறியீடு இல்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த சிறு நகைகளுக்கு விலக்கு உண்டு.

பாட்டி கொடுத்த சங்கிலியில் முத்திரை இருக்காது. அதனால் அது கெட்ட நகை ஆகிவிடாது. அமைவனம் அங்கீகரித்த ஹால்மார்க் மையத்தில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். 2022-ல் அறிவித்த கட்டணத்தின்படி நான்கு நகை வரை 200 ரூபாய். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் நகைக்கு 45 ரூபாய். வரி தனி. எத்தனை காரட் என்று எழுதிய அறிக்கை கையில் கிடைக்கும். அதையும் எடை எழுதிய தாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். சோதனைக்குப் போகும் முன் சங்கிலியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டு போங்கள். அப்போதுதான் அழுக்கின் எடை சேராது.